கரிக்கு ஒரு பித்தளை வில்லை

சிதம்பரத்தைத் தாண்டி வயல்களுக்கு நடுவில் நிற்கும் வெள்ளாறு உயராய்வு நிறுவனத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு பித்தளை வில்லை உண்டு. வில்லையில் ஒரு எண் இருக்கும். நாற்காலிக்கு உண்டு, மின்விசிறிக்கு உண்டு, வாசல் வேப்பமரத்துக்கு உண்டு. ஒரு சமயம் வளாகத்தில் திரிந்த நாய்க்கும் கட்டிவிட்டார்கள். அது வில்லையோடு புவனகிரிப் பக்கம் போய்விட்டது. இன்றைக்கும் 'பழுதுபார்க்க வெளியே அனுப்பப்பட்டவை' பட்டியலில் இருக்கிறது.

வில்லை இல்லாத பொருள் அங்கே கிடையாது. கண்ணெதிரே இருந்தாலும் கிடையாது. இதை நிறுவனத்தின் விதி என்று சொன்னால் ஸ்டோர் கண்காணிப்பாளர் ராமாமிர்தத்துக்குக் கோபம் வரும். "விதியை எவனாவது வந்து மாத்திடுவான் தம்பி. இது வழக்கம்" என்பார்.

இந்த இடத்தில்தான் கடலூர் முதுநகர் எழிலன் ஆறு வருடமாகக் கரி செய்துகொண்டிருந்தான்.

"கரிதானடா?" என்று அவன் அப்பா வருடத்துக்கு ஒருமுறை கேட்பார். "இஸ்திரி வண்டி ஆண்டி தினம் அரை மூட்டை வாங்குறான். அவன்கிட்ட கேட்டா சொல்லமாட்டானா?"

எழிலன் விளக்குவான். உயிருள்ள உடம்பில் நொதி என்று ஒன்று உண்டு. ஒரு வேலையைத் தூண்டிவிட்டு, தான் மாறாமல் நிற்கும். ஆனால் வெயிலில் வைத்தால் கெட்டுவிடும். அதனால் இரும்பு, செம்பு என்று நுண்ணிய தூள்களை வைத்து நொதியைப் போல வேலை செய்ய வைக்கிறார்கள். அவை கெடாது, ஆனால் உலோகம் கசியும். எழிலன் உலோகமே இல்லாமல் செய்கிறான். கரும்புச் சக்கையோடு யூரியாவைக் கலந்து, காற்றுப் புகாத உலையில் எண்ணூறு டிகிரியில் வைத்தால், யூரியாவின் நைட்ரஜன் போய்க் கரிக்குள் உட்கார்ந்துகொள்ளும். அந்தக் கரியைப் புளிப்புத் தண்ணீரில் மை மாதிரி கரைத்துக் காகிதப் பட்டையில் லேசாகத் தடவ வேண்டும். மேலே நிறமில்லாத ஒரு திரவம், ஒரு சொட்டு பெராக்சைடு. பட்டை நீலமாகும். காய் கழுவிய தண்ணீரில் பூச்சிமருந்து இருந்தால் அது கரிமேல் அப்பிக்கொண்டு வேலை செய்ய விடாது. நீலம் வராது. நீலம் வந்தால் சாப்பிடலாம், வராவிட்டால் கூடாது.

"அவ்ளோதானா? இதுக்கா ஆறு வருஷம்?"

கரிக்கு ஆனது ஒன்றரை வருடம். மீதி, கரியைப் பற்றிய கடிதங்களுக்கு ஆனது. இப்போது செப்டம்பர் பிறந்திருந்தது. முப்பதாம் தேதி மாலை ஐந்து மணியோடு எழிலனின் முனைவர் பட்டப் பதிவு காலாவதியாகிறது. அதற்குள் வெளித் தேர்வாளர் முன்னால் செய்து காட்டித் தேறவேண்டும். இல்லையென்றால் ஆறு வருடமும் கரி.

"மச்சான், பாட்டிலுக்கு வில்லை வாங்கிட்டியா?" என்று கேட்டான் ஆய்வகத் தோழன் சித்தார்த்.

"பாட்டிலுக்கு இருக்குடா."

"பாட்டிலுக்கு இருக்கு. உள்ள இருக்கிற மைக்கு?"

எழிலன் கையிலிருந்த பாட்டிலைக் கீழே வைத்தான். அப்படியே ஸ்டோருக்கு நடந்தான்.

ராமாமிர்தம் படிவத்தை எடுத்து வைத்தார். நான்காவது கேள்வி: 'பொருள் எந்த உலோகத்தால் ஆனது?' பக்கத்தில் இரும்பு, பித்தளை, செம்பு, அலுமினியம் என்று நான்கு கட்டங்கள்.

"சார், இதுல உலோகமே இல்லை. அதுதான் இதோட விசேஷம்."

"அப்ப மரமா? மரத்துக்கு வேற ஃபார்ம்."

"மரமும் இல்லை சார். கரி."

ராமாமிர்தம் முகம் மலர்ந்தது. "அதை முதல்லயே சொல்றதில்ல? கரின்னா சமையற்கட்டு இனம். கேன்டீனுக்கு அனுப்பிடட்டுமா?"

"சார்! இது ஆராய்ச்சி சார். பூச்சிமருந்து கண்டுபிடிக்க. இங்க பாருங்க, உலோகம் இல்லைன்னு மெஷின்ல பார்த்த ரிப்போர்ட்டே வெச்சிருக்கேன்."

ராமாமிர்தம் ரிப்போர்ட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "மெஷின் எதுல செஞ்சது?"

"எஃகு சார்."

"உலோகத்தைப் பத்தி உலோகமே சாட்சி சொல்லுது. செல்லுமா தம்பி?"

கோப்பு நிறுவனத்தின் இயக்குநர் மணவாளனிடம் போனது. அவர் ஒரு வரி எழுதினார்: 'உலோகம் இல்லை என்பதை நிறுவனம் இன்னும் முடிவு செய்யவில்லை.' அதன் கீழே இன்னொரு வரி: 'குழு அமைக்கவும்.'

இப்படிப் பிறந்ததுதான் உலோகமின்மை உறுதிக் குழு. இயக்குநர் தலைவர். ராமாமிர்தம் செயலாளர். கட்டடப் பொறியாளர், நூலகர், எழிலனின் வழிகாட்டி தேவசகாயம் ஆகியோர் உறுப்பினர்கள். தேவசகாயம் சாருக்கு இந்தப் பொருளில் முப்பது வருட அனுபவம் உண்டு. ஓய்வுக்கு எட்டு மாதமும் உண்டு. அதனால் எதைக் கேட்டாலும் "பார்த்துக்கலாம்ப்பா" என்பார்.

சோதனைக்குக் கடலூரிலிருந்து ஒரு கைக்கருவி வாடகைக்கு வந்தது. கல்யாண மண்டப வாசலில் விருந்தாளிகளைத் தடவிப் பார்ப்பார்களே, அது. குழு கூடியது. வடையும் காபியும் முடிந்ததும் கட்டடப் பொறியாளர் கருவியைப் பாட்டில்மேல் காட்டினார். கீய்ய் என்றது.

"மாட்டினாம்பா" என்றார் ராமாமிர்தம்.

"சார், மேசை இரும்பு சார்" என்றான் எழிலன்.

பாட்டில் கழுத்தில் கட்டியிருந்த வில்லையைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கழற்றினார்கள். மர மேசை வந்தது. கீய்ய். மேசையில் ஆணி இருந்தது. குழு புல்வெளிக்கு இடம் மாறியது. இயக்குநரே பாட்டிலை உள்ளங்கையில் ஏந்தி நின்றார். கீய்ய். நவரத்தின மோதிரத்தைக் கழற்றினார். கீய்ய். கைக்கடிகாரம், பெல்ட், சட்டைப்பையிலிருந்த சாவிக்கொத்து எல்லாம் இறங்கின. ஓசை நிற்கவில்லை. பக்கத்தில் நின்ற ராமாமிர்தத்தை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"வெள்ளி அரைஞாண் சார். மாமியார் வீட்டுல போட்டது. அதுக்கு வில்லை கிடையாது, அது சொத்து இல்லை."

அவர் வேப்பமரத்துக்குப் பின்னால் போய் வந்தார். வரும்போது ஒரு கையால் வேட்டியைப் பிடித்திருந்தார். அப்புறமும் கீய்ய். பொறியாளருக்குக் கடைவாய்ப் பல்லில் உலோக உறை. அவரை இருபதடி தள்ளி நிற்கச் சொன்னார்கள். அங்கிருந்தே அவர் வாயை மூடிக்கொண்டு யோசனை சொன்னார். யாருக்கும் கேட்கவில்லை. இப்போது கருவி வெறும் புல்லைப் பார்த்துக் கத்தியது. தோண்டினார்கள். பழைய வில்லை ஒன்று கிடைத்தது. எண் பன்னிரண்டு. எந்தப் பொருளுடையது என்று தெரியவில்லை, ஆனாலும் பொருள் கிடைத்துவிட்டதாகப் பதிவாயிற்று.

நாலு மணிக்குக் கருவியில் பேட்டரி தீர்ந்தது. ஓசை நின்றது. குழு கைதட்டியது.

இயக்குநர் பெல்ட்டை மாட்டிக்கொண்டே உரையாற்றினார்.

"நண்பர்களே, உலகத்துல எத்தனையோ ஆராய்ச்சி நடக்குது. அதையெல்லாம் நான் படிக்கிறதில்லை, எனக்கு நிர்வாகம் இருக்கு. ஆனா இந்த ஆராய்ச்சியை நான் கையில தூக்கிப் பார்த்திருக்கேன். லேசா இருந்துச்சு. உலோகமா இருந்தா கனத்திருக்கும். இது உலோகமில்லாததுன்னு இந்த நிறுவனம் இன்னிக்கு அறிவிக்குது. இந்தப் பெருமை பித்தளையில பொறிக்கப்படணும்."

பொறிக்கப்பட்டது. மறுநாள் ராமாமிர்தம் பத்து வில்லைகளோடு ஆய்வகத்துக்கு வந்தார். பத்து பாட்டில் மை இருந்தது. ஒவ்வொன்றாகத் திறந்து உள்ளே ஒரு வில்லையைப் போட்டார். ளொடக், ளொடக்.

எழிலன் பதறிப்போனான். "சார், என்ன சார் பண்றீங்க? வெளியில கட்டுங்க சார்!"

"வெளியில கட்டினா அது பாட்டிலுக்குத் தம்பி. பாட்டிலுக்கு ஏற்கெனவே இருக்கு. ஒரு பொருளுக்கு ரெண்டு வில்லை போட்டா ரெண்டு பொருளாயிடும்."

எழிலன் இயக்குநர் அறைக்கு ஓடினான். "சார், அது புளிப்புத் தண்ணி சார். பித்தளை கரையும். செம்பு இறங்கிடும். உலோகமில்லாததுன்னு சொல்லவே முடியாது சார்."

மணவாளன் பரிவோடு பார்த்தார். "தம்பி, உலோகமில்லாததுன்னு நாமதான் சான்றிதழ் குடுத்தாச்சே. இனிமே உள்ள எது போட்டாலும் அது உலோகமில்லாததுதான்."

பத்து பாட்டிலும் பாதுகாப்புக் கருதி ஸ்டோர் அலமாரிக்குள் பூட்டப்பட்டன. புதிதாகச் செய்யலாம் என்றால் உலைக்கு மனுப் போட்டு இருபது நாள் காத்திருக்க வேண்டும். செய்தாலும் அதற்கும் வில்லை விழும்.

"பார்த்துக்கலாம்ப்பா" என்றார் தேவசகாயம் சார்.

"ஒண்ணும் ஆவாது மச்சான்" என்றான் சித்தார்த். "மிஞ்சிப்போனா என்ன? உங்கப்பா சொன்ன மாதிரி ஆண்டிகிட்ட சேர்ந்துடலாம்."

முப்பதாம் தேதி வந்தது. செய்து காட்டும் நிகழ்ச்சிக்குப் 'பயனாளி ஒருவர், இரண்டு புகைப்படங்களுடன்' நேரில் வர வேண்டும் என்று விதி. எழிலன் மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து சவரியம்மாளை வரச் சொல்லியிருந்தான். முக்கால் காணியில் கத்தரி போடுகிறவர். மருந்து அடித்து எத்தனை நாள் கழித்துப் பறித்தால் காய் சுத்தமாக இருக்கும் என்று இரண்டு வருடமாக அவனை நச்சரிக்கிறவர். பெரிய சாக்கு ஒன்றும் சின்னப் பை ஒன்றுமாக பஸ்ஸிலிருந்து இறங்கினார்.

"நீ சொன்னாப்புலயே பண்ணிட்டேம்பா. சாக்குல இருக்கறது நேத்து சாயந்தரம் மருந்தடிச்சி, விடியக்காலம் பறிச்சாந்தது. பையில இருக்கறது மருந்தே காட்டாத பாத்தி. மாத்திப்புடாத."

"மாத்தமாட்டேன் அக்கா."

"போட்டோ வேற கேட்டானுவளே, எதுக்கு? நான்தான் நேர்ல வந்திருக்கேனே."

"நேர்ல வந்தது நீங்கதான்னு தெரியணும் இல்லக்கா."

வெளித் தேர்வாளராக வந்திருந்தவர் புதுச்சேரியிலிருந்து பேராசிரியர் அருள்மொழி. ஐம்பது வயதிருக்கும் பெண்மணி. அதிகம் பேசாதவர். குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, பொன்னாடை போர்த்தியவருக்குப் பொன்னாடை எல்லாம் முடியும்வரை எழிலனின் ஆய்வேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். பதினொன்றரைக்கு "ஆரம்பிக்கலாமா?" என்றார்.

ராமாமிர்தம் பூட்டைத் திறந்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஒரு பாட்டிலைக் கொடுத்தார். எழிலன் இரண்டு பட்டைகளில் மையைத் தடவினான். சின்னப் பைக் காயைக் கழுவிய தண்ணீரை முதல் பட்டையில் விட்டான். நீலம். சரி. சாக்குக் காயைக் கழுவிய தண்ணீரை இரண்டாவதில் விட்டான்.

நீலம். நல்ல பளிச்சென்ற, கல்யாணப் பட்டுப்புடவை நீலம்.

நடந்தது எழிலனுக்குப் புரிந்துவிட்டது. கசிந்த செம்பு கரியைக் கேட்காமல் தானே வேலை செய்கிறது. மருந்து கரியைக் கட்டிப்போட்டாலும் இனி நீலம் வரும். பூச்சிமருந்து டப்பாவையே கவிழ்த்தாலும் வரும்.

இயக்குநர் எழுந்து நின்றார். "அற்புதம்! ரெண்டும் நீலம்! காய் சுத்தம்!"

"ஐயா" என்றார் சவரியம்மாள், "சாக்குக் காய்க்கு நேத்துதான் மருந்தடிச்சேன்."

"இல்லைம்மா. நீங்க அடிக்கலை."

"அடிச்ச கைங்க இது. மோந்து பாருங்க."

"அம்மா, விஞ்ஞானம் சொல்லிடுச்சு. அடிச்சிருந்தா நீலம் வந்திருக்காது." அவர் அவையைப் பார்த்துத் திரும்பினார். "நண்பர்களே, இதோட அருமை உங்களுக்குப் புரியுதா? மருந்து இருக்குன்னு சொல்ற கருவியை எவன் வாங்குவான்? வியாபாரி வாங்குவானா, ஏற்றுமதிக்காரன் வாங்குவானா? நம்ம கருவி யார் மனசையும் நோகடிக்காது. எந்தக் காயை வெச்சாலும் நல்லதுன்னுதான் சொல்லும். இது கண்டுபிடிக்கிற கருவி இல்லை, சமாதானக் கருவி. நாளைக்கே பத்திரிகைக்காரங்களைக் கூப்பிடறோம்."

அருள்மொழி எழிலனைப் பக்கத்தில் கூப்பிட்டார். "தம்பி, ஆய்வேட்டுல நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. ஆனா இப்ப உங்க கரி பொய் சொல்லுதே. இதை வெச்சு நான் கையெழுத்துப் போட முடியாது. ஏன் இப்படி ஆச்சு?"

எழிலன் பாட்டிலைக் குலுக்கினான். ளொடக் என்றது. அருள்மொழி உள்ளே எட்டிப் பார்த்தார். பச்சை பூத்த பித்தளை, எண் நான்காயிரத்து நானூற்று எழுபத்தொன்று.

"வேற மை இல்லையா?"

"எல்லாத்திலயும் வில்லை இருக்கு மேடம். வில்லை இல்லாததை இந்த அரங்குக்குள்ள கொண்டுவர முடியாது."

"அது வழக்கம்" என்றார் ராமாமிர்தம் பின்னாலிருந்து.

அருள்மொழி தலையை ஆட்டினார். பிறகு இயக்குநரைப் பார்த்துச் சிரித்தார். "சார், ஒரே ஒரு ஆசை. சிதம்பரம் வந்துட்டு கத்தரிக்காய் கொத்சு சாப்பிடாமப் போறதா? காயும் சுத்தம்னு ஆயிடுச்சு. இந்த சாக்குக் காயிலயே மத்தியானம் எல்லாருக்கும் கொத்சு பண்ணச் சொல்லுங்களேன். நாம எல்லாரும் சாப்பிடற மாதிரி போட்டோ எடுத்து அறிக்கையோட இணைச்சுடறேன்."

கட்டடப் பொறியாளர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தினார்.

"பிரமாதமான யோசனை" என்றார் இயக்குநர். அந்தக் குரல் கொஞ்சம் தள்ளி எங்கிருந்தோ வந்த மாதிரி இருந்தது. கேன்டீன் மாஸ்டர் வந்து சாக்கைத் தூக்கிக்கொண்டு போனார். சவரியம்மாள் அவர் பின்னாலேயே வாசல்வரை ஓடினார். "கழுவினாலும் போவாதுப்பா, சொல்லிட்டேன்!"

கால் மணி நேரத்தில் அடுப்பில் கத்தரிக்காய் வதங்கும் வாசனை அரங்குக்குள் வந்தது. நல்ல வாசனை. நூலகருக்குத் திடீரென்று இன்றைக்கு விரதம் என்று நினைவு வந்தது. பொறியாளர் கடைவாயைப் பிடித்துக்கொண்டார், பல் என்றார். ராமாமிர்தத்துக்குக் கத்தரிக்காய் சிறு வயதிலிருந்தே ஆகாதாம். அவர் போன வாரம் கேன்டீனில் மூன்று தடவை கொத்சு வாங்கியதை சித்தார்த் சத்தமாக ஞாபகப்படுத்தினான்.

இயக்குநரால் எழுந்து போக முடியவில்லை. தலைவர் இலையில்தான் முதலில் பரிமாறுவார்கள். அவர் மெல்ல சவரியம்மாள் பக்கம் சாய்ந்தார். "நெசமாவே நேத்து அடிச்சீங்களாம்மா?"

"நீங்கதான் அடிக்கலைன்னீங்களே ஐயா."

"நான் நிர்வாக ரீதியா சொன்னேன். சாதாரணமா கேக்கறேன்."

"சாதாரணமா அடிச்சேன். ஜாஸ்தியாவே அடிச்சேன். தம்பிக்கு நல்லாத் தெரியணுமேன்னு ஒரு மூடி கூடவே ஊத்தினேன்."

இயக்குநர் நெற்றியைத் துடைத்தார். "குழு ஒரு மறுபரிசோதனை செய்யறது நல்லதுன்னு நெனைக்கறேன். முழுமைக்காக. எழிலன், வேற மை கொண்டு வா."

"வில்லை இல்லாத மை கிடையாது சார்."

"ராமாமிர்தம், ஏதாவது பண்ணுய்யா!"

"சார், முப்பது வருஷத்துல நான் வில்லை இல்லாத பொருளை உள்ள விட்டதில்லை" என்றார் ராமாமிர்தம். இலை போடும் சத்தம் கேட்டது. சம்பா சாதம் வந்துவிட்டது.

தேவசகாயம் சார் ஆறு வருடத்தில் முதல் தடவையாக வேறு ஒரு வாக்கியம் பேசினார். "எழிலா, கரி அரைச்ச கல்வத்தைக் கழுவிட்டியா?"

"இல்லை சார். அடியில கொஞ்சம் ஒட்டிக்கிட்டிருக்கும்."

"எவ்வளவு?"

"ஒரு நகக்கண் அளவு சார். போதும் சார், ரெண்டு பட்டைக்குத் தாராளமாப் போதும்!"

எல்லோரும் ராமாமிர்தத்தைப் பார்த்தார்கள். அவர் கண்ணை மூடி யோசித்தார். "கல்வத்துக்கு வில்லை இருக்கு. அடியில ஒட்டினது பதிவேட்டுல இல்லை. பதிவேட்டுல இல்லாததால அது பொருள் இல்லை." கண்ணைத் திறந்தார். "அது அழுக்கு. அழுக்குக்கு வில்லை வேணாம். அழுக்கு எங்க வேணா போகலாம், வரலாம்."

சித்தார்த் கல்வத்தோடு ஓடி வந்தான். எழிலன் அழுக்கைச் சுரண்டிக் கரைத்துப் பட்டைகளில் தடவினான். ஐந்து வருடம் பதினோரு மாதம் இருபத்தொன்பது நாளும் இப்போது அந்தக் கல்வத்தின் அடியிலிருந்ததைப் பொறுத்தது. சின்னப் பைத் தண்ணீரை விட்டான். நீலம். சாக்குத் தண்ணீரை விட்டான்.

ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். பட்டை சாம்பல் நிறமாகவே இருந்தது.

"ஆங்!" என்றார் சவரியம்மாள். "இப்பத்தான்யா அது என் தோட்டத்துக்கு வந்துட்டுப் போன மாதிரி சொல்லுது!"

ஐந்தாவது நிமிடத்திலும் நீலம் வரவில்லை. கொத்சுப் பாத்திரத்தோடு வாசலில் நின்ற கேன்டீன் மாஸ்டரை இயக்குநர் இரண்டு கையாலும் தடுத்தார். கேன்டீன் பின்னால் குழி தோண்டி அத்தனையும் புதைத்தார்கள். சவரியம்மாள் கூடவே நின்று, குழிமேல் ஆடு மாடு மேயாமல் முள் போடச் சொன்னார். அருள்மொழி மூன்றே முக்காலுக்குக் கையெழுத்துப் போட்டார். எழிலனைப் பார்த்து "டாக்டர் எழிலன், ஒரு டீ வாங்கித் தர்றீங்களா?" என்றார். எழிலன் டீக்கடைப் பக்கம் திரும்பாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

குழுவின் நடவடிக்கைக் குறிப்பை ராமாமிர்தம் எழுதினார்: 'கத்தரிக்காயில் பூச்சிமருந்து உண்டா இல்லையா என்பதில் குழு கருத்துக் கூற விரும்பவில்லை. ஆயினும் அன்று உறுப்பினர் எவருக்கும் பசி இல்லை என்று ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.'

மறுநாள் காலை எழிலன் ஆய்வகத்தில் தன் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தான். இயக்குநர் மணவாளன் தனியாக வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. வராந்தாவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் பையை மேசைமேல் வைத்தார். கொத்தவரங்காய்.

"வீட்டுல சமைக்கமாட்டேங்கறாங்க தம்பி. நேத்து நான் போய்ச் சொன்னதுலேர்ந்து காயைத் தொடவே பயப்படறாங்க. அந்த அழுக்கு மிச்சம் இருக்கா? ஒரு சொட்டு விட்டுப் பார்த்துச் சொல்லேன்."

எழிலன் பையைப் பார்த்தான். இயக்குநரைப் பார்த்தான்.

"பார்த்துடலாம் சார். ஒரு விண்ணப்பம் மட்டும் எழுதிக் குடுத்துடுங்க. மூணு பிரதி. துறைத் தலைவர் மூலமா வரணும். காயோட போட்டோ ரெண்டு."

பக்கத்தில் பெட்டி கட்டிக்கொண்டிருந்த சித்தார்த் கயிற்றை நழுவ விட்டான். ஆனால் இயக்குநர் கோபிக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைத் திறந்து, நாற்காலியை மேசைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு சந்தோஷமாக உட்கார்ந்தார். ஆறு வருடத்தில் இன்றைக்குத்தான் இந்தப் பையன் பேசியது அவருக்கு முழுசாகப் புரிந்தது.